‘எஸ்’ போட்ட மருந்து ஏன் கேட்கவில்லை?

கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் போவது ஒரே கட்டத்துக்குத்தான். மருந்துப் பெயர்களுக்கு நேராக எஸ், ஐ, ஆர் என்று ஓர் எழுத்து இருக்கும். எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ இரண்டுக்கும் நடுவில். பெரியப்பாவின் கால் புண்ணுக்கு எடுத்த ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அக்கா உடனே போன் செய்தாள்.

“ஏண்டி, இந்த மருந்துக்கு நேரா எஸ்னுதானே போட்டிருக்கு? டாக்டரும் அதையேதான் எழுதிக் குடுத்தாரு. ஒரு கோர்ஸ் முடிஞ்சு ரெண்டாவதும் முடியப்போகுது. அப்புறம் ஏன் ஆற மாட்டேங்குது?”

பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்டையார்பேட்டையில் வீடு. பல வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனதால் கட்டைவிரலுக்குக் கீழே புண் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. செருப்பில் கறையைப் பார்த்துப் பெரியம்மாதான் கண்டுபிடித்தார். நான் வேலை செய்வது கிருமிகள் கட்டும் படலங்களை ஆராயும் லேபில். பயோஃபிலிம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அக்கா கேட்டது எங்கள் துறையே பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. போனில் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்த ‘எஸ்’ எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். புண்ணிலிருந்து எடுத்ததைத் தட்டில் வளர்த்து, அதில் ஒரு வகைக் கிருமியை மட்டும் பொறுக்கி உப்பு நீரில் கலக்குவோம். கலங்கல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் அதைப் பஞ்சுக் குச்சியால் மியூலர்-ஹின்டன் அகார் என்ற ஊட்டக் கூழ் நிரப்பிய தட்டில் சீராகப் பூசுவோம். மேலே ஆன்டிபயாடிக் தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரி சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் விடுவோம். மறுநாள் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத வட்டம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் எஸ்ஸா ஆரா என்று தெரிந்துவிடும். பெரிய லேப்களில் இதை மெஷினே செய்கிறது. அதிலும் கிருமியைத் திரவத்தில் மிதக்கவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்கு இந்தச் சோதனை உயிர் காக்கும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தட்டில் இருப்பவை நல்ல தீனி கிடைத்து, தனித்தனியாக, வேகமாகப் பெருகும் கிருமிகள். பெரியப்பாவின் பாதத்தில் அதே கிருமி வேறு விதமாக வாழ்கிறது. சதையில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த செல்களின் டி.என்.ஏ எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிசினைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக உட்கார்ந்துவிடுகிறது. வீட்டு சம்ப்பின் உட்சுவரில் கை வைத்தால் வழுக்குமே, அது இதே வகைதான். லாரித் தண்ணீரை எத்தனை தடவை மாற்றி நிரப்பினாலும் அந்த வழவழப்பு போகாது. உள்ளே இறங்கித் தேய்த்தால்தான் போகும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1680-களில் ஹாலந்தில் லேவன்ஹுக் என்பவர் தன் பல்லில் படிந்த அழுக்கைச் சுரண்டித் தானே தேய்த்துச் செய்த லென்ஸில் பார்த்தார். வினிகர் பட்டதும் வெளியில் இருந்த உயிர்கள் செத்தன, பல்லோடு ஒட்டிய அழுக்குக்கு உள்ளே இருந்தவை சாகவில்லை என்பதையும் அவர் கவனித்தார். 1944-இல் ஜோசப் பிகர் என்ற ஐரிஷ் மருத்துவர், ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் கூட்டத்தில் பென்சிலினை எவ்வளவு ஊற்றினாலும் சில செல்கள் மட்டும் பிழைத்துக்கொள்வதைப் பார்த்தார். பிழைத்தவற்றை மறுபடி வளர்த்தால் பென்சிலின் அவற்றை முன்போலவே கொன்றது, மறுபடியும் சில மிஞ்சின. அவற்றிடம் எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லை. மருந்து வந்த நேரத்தில் அவை பெருகாமல் முடங்கிக் கிடந்தன, அவ்வளவுதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் டாக்டர்களிடம்கூட இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன். மருந்துக்கு மசியாத கிருமிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மருந்தை உடைக்கும் என்சைமையோ வெளியே தள்ளும் பம்ப்பையோ மரபணுவாகவே வைத்திருப்பது. ரிப்போர்ட்டில் ஆர் என்று வருவது இந்த வகை. இன்னொன்று, மரபணு எதுவும் இல்லாமல் படலத்துக்குள் வாழ்வதாலேயே தப்பிப்பது. அடியில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜனும் தீனியும் சரியாகப் போவதில்லை, அதனால் அவை வளராமல் கிடக்கின்றன. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் செல்சுவர் கட்டும் வேலையைத்தான் கெடுக்கும். சுவரே கட்டாமல் கிடக்கிற செல்லிடம் அவற்றுக்கு வேலையில்லை. மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைவிட 10 முதல் 1000 மடங்கு வரை மருந்து கொடுத்தும் படலம் பிழைப்பது உண்டு. அந்த அளவு மனித உடம்புக்குள் போனால் முதலில் சிறுநீரகம் போய்விடும். இரண்டு வகையும் ஒன்றுசேர்வதுதான் பெரிய ஆபத்து. படலத்துக்குள் கிருமிகள் நெருங்கி இருப்பதால் எதிர்ப்பு மரபணுக்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகக் கைமாறுகின்றன.

முதல் வகை எதிர்ப்பின் வரலாற்றில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. மற்றவை கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கார்பாபெனம் மருந்துகளையும் உடைத்துவிடும் என்.டி.எம்-1 என்சைம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010-இல் உலகத்துக்குச் சொன்ன லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் என்ற மருத்துவ இதழின் கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் நிலையத்தில் வேலை செய்தவர். அந்தக் கட்டுரையில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகளில் என்.டி.எம்-1 இருந்தது. நாட்டின் பெயருக்குக் களங்கம் என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. இரண்டு வருடம் கழித்து, 2012-இல், நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்க ஒரு திட்டம் வகுத்தன. அதுதான் சென்னைப் பிரகடனம். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகளுக்கான எச்-1 பட்டியல் 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது.

புது மருந்தும் இங்கிருந்து வந்தது. சென்னை ஆர்க்கிட் மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கிய என்மெட்டாசோபாக்டம், செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத் தரும் மருந்தாக 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ-வின் அனுமதியைப் பெற்றது. கடுமையான சிறுநீர்த் தொற்றுக்கான மருந்து அது. டாசோபாக்டம் என்ற பழைய மருந்தின் மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தது கேட்க எளிதாக இருக்கும், அதை மருந்துக் கடை வரை கொண்டுவர ஆன காலத்தையும் உழைப்பையும் நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. பென்சிலின் குடும்பத்து மருந்துகளை உடைக்கும் இ.எஸ்.பி.எல் என்ற என்சைம்களை அது அடக்கும். என்.டி.எம்மை அடக்காது. படலத்தைக் கரைப்பதும் அதன் வேலை இல்லை. சிறுநீர் போகக் கத்தீட்டர் டியூப் போட்ட நோயாளிக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால், எவ்வளவு நல்ல மருந்தைக் கொடுத்தாலும், பழைய டியூபை எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொல்வது அதனால்தான். டியூபை மாற்றலாம். பாதத்தை மாற்ற முடியாதே.

அப்படியானால் படலத்துக்கென்றே மருந்து கண்டுபிடிக்க வேண்டியதுதானே என்றால், கண்டுபிடித்துக்கொண்டேதான் இருக்கிறோம். படலத்தைத் தடுக்கும் பொருள் என்று ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. மஞ்சள், வேம்பு, வெற்றிலை, துளசி என்று நம் ஊர்க் கல்லூரிகளில் சோதிக்காத இலை கிடையாது. அவற்றில் ஆஸ்பத்திரி வரை வந்தவை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது. நாம் அளக்கும் முறையே தப்பு.

எங்கள் லேபில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொன்றிலும் கிருமி கலந்த ஊட்டத் திரவத்தை விட்டு, சோதிக்கும் மருந்தையும் சேர்த்து, இன்குபேட்டரில் ஒரு ராத்திரி வைப்போம். காலையில் திரவத்தைக் கவிழ்த்துக் கொட்டி, ஒட்டாத கிருமி போகும்படி மெதுவாகக் கழுவி, கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயத்தை ஊற்றுவோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கழுவினால் படலம் கட்டிய குழியின் சுவரில் ஊதா வளையம் நிற்கும். கழுவும் வேகம் கொஞ்சம் கூடினாலே படலம் பிய்ந்து வந்துவிடும், அதனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் கழுவத்தான் கற்றுக்கொடுப்போம். கையுறை போட்டாலும் விரல் நுனியில் எப்படியோ ஊதா ஏறிவிடும். கடைசியில் வளையத்தை ஆல்கஹாலிலோ அசிட்டிக் அமிலத்திலோ கரைத்து, நிறத்தின் அடர்த்தியை மெஷினில் படிப்போம். நிறம் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எழுதுவோம்.

இதில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல்களைச் சொல்கிறேன். மருந்தையும் கிருமியையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் நாம் பார்ப்பது படலம் கட்டாமல் தடுப்பதைத்தான். எந்த நோயாளியும் படலம் கட்டுவதற்கு முன்னால் நம்மிடம் வருவதில்லை, வாரக்கணக்கில் ஊறிய படலத்தோடு வருகிறார். கிரிஸ்டல் வயலட் உயிரோடு இருப்பதற்கும் செத்ததற்கும் சேர்த்தே நிறம் ஏற்றும். பிளாஸ்டிக் குழியில் சீழ் இல்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் இல்லை, இரண்டு மூன்று வகைக் கிருமி ஒன்றாகக் குடியிருப்பதும் இல்லை. குழியில் கட்டுவது சுவரையே மூடும் விரிப்பு. மனிதத் திசுவில் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது கிடைப்பது பெரும்பாலும் 5 முதல் 200 மைக்ரோமீட்டர் அளவுள்ள சின்னத் திரள்கள், சதைக்குள் அங்கங்கே புதைந்திருப்பவை. குழியில் ஜெயித்த இலைச்சாறு திசுவில் தோற்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

படலத்தின் வயது எவ்வளவு முக்கியம் என்பதற்கு என்சைம்களே சாட்சி. படலத்துப் பிசினில் டி.என்.ஏ இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, 2002-இல் அந்த டி.என்.ஏவை வெட்டும் என்சைமைச் சூடோமோனாஸ் என்ற கிருமியின் படலத்தின் மேல் விட்டுப் பார்த்தார்கள். இளம் படலம் கரைந்தது. முதிர்ந்தது பெரிதாக அசையவில்லை. டிஸ்பர்சின்-பி என்ற இன்னொரு என்சைம் பிசினின் சர்க்கரைச் சங்கிலியை வெட்டும். அதை நமக்குத் தந்தது ஈறு நோயோடு தொடர்புள்ள ஒரு கிருமி. தன் படலத்திலிருந்து தானே வெளியேற அது வைத்திருக்கும் கருவி அது. இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. கலைந்த கிருமிகள் எங்கே போகும்? ரத்தத்துக்குள் போகலாம். அதனால் கலைக்கும் மருந்தோடு கொல்லும் மருந்தும் அதே நேரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

பேஜ் எனப்படும், கிருமியைத் தின்னும் வைரஸ்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ இருக்கிறது என்று எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1896-இலேயே எழுதினார். 1917-இல் டி'ஹெரெல் என்ற ஆராய்ச்சியாளர் அதற்குப் பெயர் வைத்தார். 2016-இல் சான் டியேகோவில் டாம் பாட்டர்சன் என்ற பேராசிரியர், எந்த மருந்துக்கும் மசியாத அசினெட்டோபாக்டர் என்ற கிருமியின் தொற்றில் கோமாவில் இருந்தபோது, அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி உலகெங்கும் கேட்டுப் பேஜ்களைத் திரட்டி, அவரைப் பிழைக்க வைத்தார். சில பேஜ்களிடம் பிசினை வெட்டும் என்சைமும் உண்டு என்பதால் படலத்துக்கு இவை பொருத்தமானவை. ஆனால் ஒரு பேஜ் ஒரு வகைக் கிருமியை, அதிலும் சில இனங்களை மட்டுமே தாக்கும். பெரியப்பாவின் புண்ணில் இருந்த கிருமிக்குப் பொருந்தும் பேஜைத் தேடி, சுத்தப்படுத்தி, வாரம் ஒரு தடவை வரும் புறநோயாளிக்குக் கொடுக்கிற ஏற்பாடு வேண்டும். அதற்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரு தவளை மருந்தின் கதை. மைக்கேல் சாஸ்லாஃப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஆபரேஷன் செய்த ஆப்பிரிக்கத் தவளைகளைச் சுத்தமில்லாத தொட்டித் தண்ணீரில் விட்டும் அவற்றின் தையல் சீழ் பிடிக்காததைக் கவனித்தார். தோலில் ஏதோ இருக்க வேண்டும் என்று தேடி, கிருமியின் சவ்வைத் துளைக்கும் மேகனின் என்ற பெப்டைடை, அதாவது சின்னப் புரதத் துண்டை, 1987-இல் வெளியிட்டார். அதிலிருந்து பெக்சிகனான் என்ற களிம்பு பிறந்தது. எதற்குத் தெரியுமா? சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண் தொற்றுக்குத்தான். 1999-இல் எஃப்.டி.ஏ அனுமதி மறுத்தது. வேறொரு நிறுவனம் மறுபடி எடுத்து இரண்டு பெரிய சோதனைகள் நடத்தியது. 2016-இல் முடிவு வந்தபோது, மருந்துக் களிம்பு பூசியவர்களும் மருந்தில்லாத களிம்பு பூசியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குணமாகியிருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் புண்ணைச் சுத்தம் செய்வது உள்ளிட்ட வழக்கமான பராமரிப்பு உண்டு. மருந்து மோசம் என்று பலர் முடிவு கட்டினார்கள். எனக்கு அந்த முடிவு வேறு மாதிரி படுகிறது. புண்ணுக்கு நடக்கும் மற்ற கவனிப்பு பெரிய அளவுக்கு வேலை செய்கிறது. புது மருந்து அதற்கு மேல் என்ன சேர்க்கிறது என்று காட்ட, அதன் நேரத்தையும் இடத்தையும் பார்த்துச் சோதனையை அமைக்க வேண்டும்.

நேரம் என்று நான் சொல்வதை டிரெஸ்ஸிங் ரூமில்தான் பார்க்க முடியும். பெரியப்பாவை முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் கோர்ஸ் மேல் கோர்ஸாக மாத்திரை எழுதினார்களே தவிர, புண்ணைச் சுரண்டவே இல்லை. அவரைப் பாதப் புண்ணுக்கென்று தனியாக இருக்கும் ஒரு கிளினிக்குக்கு மாற்றினோம். கூட நான் போயிருந்தேன். சிஸ்டர் கட்டைப் பிரித்து, உப்பு நீரால் கழுவினார். புண்ணின் அடியில் வெளிர் மஞ்சளாக, பளபளப்பாக ஒரு மேல்பூச்சு. துணியால் துடைத்தால் வரவில்லை.

“ஐயா, கொஞ்சம் அசையாம இருங்க,” என்று சொல்லி டாக்டர் கியூரெட்டை எடுத்தார். சின்னக் கரண்டி மாதிரி, விளிம்பு கூராக இருக்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்திச் சுரண்டினார். வழவழப்பான கசடு துண்டு துண்டாக வந்து காஜ் துணியில் படிந்தது. ஓரத்தில் தடித்திருந்த தோலையும் பிளேடால் சீவினார். அடியில் சிவப்புச் சதை தெரிந்து புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும் வரை நிறுத்தவில்லை. “வலிக்குதா ஐயா?” என்று கேட்டதற்குப் பெரியப்பா, “ஒண்ணும் தெரியலம்மா, நீங்க பண்ணுங்க,” என்றார். அப்படித் தெரியாமல் போனதுதான் நோயே.

2008-இல் வந்த ஓர் ஆய்வில் நாள்பட்ட புண்கள் 50-ஐ மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது 30-இல் படலம் இருந்தது, புதுப் புண்கள் 16-இல் ஒன்றில்தான் இருந்தது. சுரண்டிய பிறகு அந்தப் படலம் ஒரேயடியாகப் போய்விடாது, மறுபடி கட்டத் தொடங்கும். ஆனால் சுரண்டிய முதல் ஓரிரு நாட்களில் புண்ணில் இருப்பது இளம் படலம். அதன் செல்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும், மருந்துக்கும் மசியும். மூன்று நாளுக்குள் மறுபடி முற்றிவிடுகிறது. என்சைம் இளம் படலத்தைத்தான் கரைத்தது, ஆன்டிபயாடிக் வளரும் செல்லைத்தான் கொல்கிறது. இரண்டுக்கும் பொருத்தமான நேரத்தைக் கியூரெட் திறந்து வைக்கிறது. நாம் தேடும் புது மருந்து அந்த ஓரிரு நாளுக்கான மருந்தாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரியப்பாவின் புண் மூடியது. வாராவாரம் சுரண்டினார்கள், புண்ணில் எடை விழாதபடி எம்.சி.ஆர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுத்தார்கள், சர்க்கரை கட்டுக்குள் வந்தது. காலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது அவர் அதிர்ஷ்டம். ஆன்டிபயாடிக்கை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். சிவப்பு, வீக்கம், சீழ் எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதுதான் உலக அளவிலான வழிகாட்டுதலும். அக்காவுக்கு அது பயமாக இருந்தது, நான் இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

அவர் குணமானதையே வைத்து மருந்துச் சோதனையின் சிக்கலையும் சொல்லலாம். நாள்பட்ட புண்ணை ஆற்றும் மருந்து என்று அனுமதி பெற வேண்டுமானால், புண் முழுவதும் தோல் மூடி, கசிவில்லாமல் இருந்தது என்று காட்டச் சொல்கிறது எஃப்.டி.ஏ. நோயாளிக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் புண் மூடுவதற்குச் செருப்பும், ரத்த ஓட்டமும், சர்க்கரையும் காரணம். படலத்தை அருமையாக அழிக்கும் மருந்தைக்கூட, தினமும் அந்தக் காலை ஊன்றி நடக்கும் நோயாளியிடம் சோதித்தால் தோற்றதாகத்தான் தெரியும். ஒரு நடு அளவுகோல் வேண்டும். சுரண்டிய திசுவை எடுத்து, எத்தனை கிருமி உயிரோடு திரளாக இருக்கிறது என்று மருந்துக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். மேலாகத் தடவிய பஞ்சுக் குச்சி போதாது, அதில் வருவது பெரும்பாலும் மேலே சும்மா ஒட்டியிருப்பவை.

பணமும் ஒரு தடை. பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் அனுமதி வாங்கிய அக்கேஜன் நிறுவனம் 2019 ஏப்ரலில் திவாலானது. நல்ல மருந்தை அளவாகத்தான் கொடுக்க வேண்டும், அளவாகக் கொடுத்தால் போட்ட பணம் திரும்பாது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பு நேரடியாகக் கொன்றவர்கள் 2019-இல் மட்டும் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் என்ற கணக்கு வந்த பிறகும் முதலீடு இந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை.

ஆனால் சுரண்டிய திசுவை வைத்து மருந்தைச் சோதிக்கச் சென்னையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று 2023-இல் வெளிவந்த கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியதே இந்த ஊரின் ஆராய்ச்சி நிறுவனம்தான். ராயபுரத்தில் 1954-இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனை இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளின் டிரெஸ்ஸிங் ரூம்களில் தினமும் வரிசை நிற்கிறது. மூலக்கூறு செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று என்மெட்டாசோபாக்டம் காட்டிவிட்டது. லேபில் இருப்பவர்களும் டிரெஸ்ஸிங் ரூமில் இருப்பவர்களும் ஒரே மேசையில் உட்காருவதுதான் பாக்கி.

நாங்கள் இப்போது பிளாஸ்டிக் குழியை விட்டுவிட்டு, சுரண்டி எடுத்த திசுவிலேயே வேலை செய்யப் பழகிக்கொண்டிருக்கிறோம். என்சைமையும் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து ஒரு ஜெல்லாகச் செய்து, சுரண்டியதும் பூச வேண்டும் என்பது திட்டம். அதற்கு என்னென்ன வேண்டும் என்று டாக்டர்களைவிடச் சிஸ்டர்கள்தான் தெளிவாகச் சொன்னார்கள். அடுத்த டிரெஸ்ஸிங் வரை இரண்டு நாள் புண்ணிலேயே நிற்க வேண்டும், கசிவில் கரைந்து ஓடக் கூடாது. வீட்டில் மருமகளோ பேத்தியோ பூசும்படி இருக்க வேண்டும். மே மாத வெயிலில், ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் அலமாரியில் வைத்தாலும் கெடக் கூடாது. என்சைம் என்பது புரதம், சூட்டுக்குச் சீக்கிரம் கெட்டுப்போகும். கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. இப்போது எங்கள் நேரத்தில் பாதி அதற்கே போகிறது.